பேசாத பிள்ளையும் பதறும் ஊரும்



இவ்வுரையின் பொருள் பிள்ளையின் உளவிருத்தி. பிறந்த குழந்தை தாயின் முகத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கும் நாள் முதல், வளர்ந்து தன் முடிவைத் தானே எடுக்கும் வயது வரை, அறிவும் மொழியும் உணர்வும் உறவும் படிப்படியாக உருப்பெறும் வளர்ச்சியே உளவிருத்தி எனப்படும். அவ்வளர்ச்சி பெரும்பாலான பிள்ளைகளில் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நிகழ்வதால் அவ்வொழுங்கை வழமையான விருத்தி என்றும், அதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகிப் பிள்ளையின் அன்றாட வாழ்வுக்கே தடையாகும் நிலையை வழமைக்கு மாறான விருத்தி என்றும் உளவியலாளர் வகுத்துக் கூறுவர். வகுப்பது எளிது. ஆயின் மட்டக்களப்பு வாவியின் ஏதோவொரு கரையில் வாழும் ஒரு பிள்ளையை முன்னே நிறுத்தி, இப்பிள்ளை எவ்வகை என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதாக வருமா?

மட்டக்களப்பு மாவட்டம் பட்டது கொஞ்சமன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி வந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த மாதமே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போனார்கள். சத்துருக்கொண்டானில் ஊரவர் குழந்தைகளோடு கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாய் எழுந்த கடல் நாவலடியையும் கல்லடியையும் புரட்டிப் போட்டது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையும் போரால் இடம்பெயர்ந்தன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்த சிறுவர்கள் குண்டுவெடிப்பில் மாண்டார்கள். இவ்வளவையும் தாங்கிய ஊரில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால், ஒரு பிள்ளை இரவில் அலறினால், ஒரு பிள்ளை வகுப்பில் அடங்காமல் திரிந்தால், முதலில் என்ன சொல்லப்படுகிறது? "பிள்ளை பயந்திட்டுது" என்பதே முதற் சொல்லாகவும், பல வீடுகளில் முடிவான சொல்லாகவும் இருக்கிறது.

அச்சொல்லில் உண்மை உண்டு. அதே சொல் இரு பிழைகளுக்கும் வழிவிடுகிறது. பிறவியிலேயே வேறு விதமாக வளரும் பிள்ளையைப் பயந்த பிள்ளை என்று எண்ணி, உதவி கிடைக்க வேண்டிய பொன்னான ஆண்டுகளை இழப்பது ஒரு பிழை. பயங்கரத்தைக் கண்டு இயல்பாகக் கலங்கும் பிள்ளையை நோயாளி என்று எண்ணி, அதன் மீது நோயின் பெயரைச் சுமத்துவது மற்றொரு பிழை.

முதலாவதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். வழமையான விருத்தி எப்படி இருக்கும்? பிறந்து இரண்டு மாதமளவில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும். எட்டு, ஒன்பது மாதமளவில் அறியாதவர் தூக்கினால் அழும். அந்த அழுகை குறையன்று, தன்னுடையவர் யார், பிறர் யார் என்று குழந்தை பிரித்தறியக் கற்றுவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஒரு வயதளவில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும், ஓரிரு சொல் பேசும். ஒன்றரை வயதுக்குள் வாவியில் போகும் தோணியை விரலால் சுட்டி, தாயின் முகத்தையும் திரும்பிப் பார்த்து, "நீயும் பார்" என்று சொல்லாமற் சொல்லும். இரண்டு வயதில் "அம்மா வா", "தண்ணி தா" என்று இரு சொற்களைச் சேர்க்கும். ஒரு பிள்ளை சற்று முந்தும், ஒரு பிள்ளை சற்றுப் பிந்தும். ஒழுங்கு பெரும்பாலும் மாறாது.

விரலால் சுட்டிக்காட்டும் அச்சிறு செயலின் பெருமையைப் பலர் உணர்வதில்லை. சோற்றுக்காகக் கை நீட்டுவது வேறு. தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்று சுட்டுவது வேறு. பின்னையது மற்றவருக்கும் ஒரு மனம் உண்டு என்ற அறிவின் தொடக்கம். ஒன்றரை வயதிலும் பிள்ளை அவ்வாறு சுட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை, கண்ணோடு கண் பார்ப்பது அரிதாக இருக்கிறது, பொம்மை வண்டியை ஓட்டாமல் அதன் சில்லை மட்டும் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால், அங்கே மதியிறுக்கம் எனவும் ஓட்டிசம் எனவும் அழைக்கப்படும் நிலை இருக்கக்கூடும். பிறரோடு உறவாடுவதிலும் தொடர்பாடுவதிலும் இடர்ப்பாடு, ஒரே செயலையும் ஒரே ஒழுங்கையும் விடாமற் பற்றி நிற்றல் ஆகிய இரண்டும் சேர்ந்த விருத்தி வேறுபாடு அது.

அந்நிலையை 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளைக் கொண்டு விவரித்தார். அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேலை நாடுகளில் நடந்தது பெருங்கொடுமை: அன்பில்லாத தாயால்தான் பிள்ளை இப்படியாகிறது என்று அறிஞர்களே எழுதினர், தாய்மார் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்னார்ட் ரிம்லண்ட் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அக்கூற்றைத் தகர்த்தது. மூளை வளர்ச்சியிலும் மரபணுவிலுமே அதன் வேர் இருக்கிறது என்பது பின்வந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இலங்கையில் 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரையான 374 பிள்ளைகளில் நால்வருக்கு ஓட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 93 பிள்ளைகளுக்கு ஒன்று. மாதிரி சிறியதாகையால் அவ்வெண்ணை அப்படியே எல்லா மாவட்டத்துக்கும் பொருத்த இயலாது. ஆயினும் ஓட்டிசம் வெளிநாட்டு நோய், பணக்காரர் வீட்டு நோய் என்ற எண்ணத்துக்கு அது போதிய மறுமொழி.

மேலைநாட்டுத் தாய்க்கு நேர்ந்தது மட்டக்களப்புத் தாய்க்கும் வேறு உருவில் நேர்கிறது. "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நீ ஷெல் சத்தத்தில் பயந்தாய்", "சுனாமிக்கு ஓடும்போது விழுந்தாய்", "வெளிநாட்டுக்குப் போய்ப் பிள்ளையை விட்டாய்" என்று பழி அவள் மேல் விழுகிறது. பழி சுமத்தப்பட்ட தாய் பிள்ளையை வெளியே கொண்டுவரத் தயங்குகிறாள். கட்டாடியாரிடம் நூல் கட்டுவதிலும், மௌலவியிடம் தண்ணீர் ஓதி வாங்குவதிலும், "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்ற அயலாரின் ஆறுதலிலும் இரண்டு வயது நான்காகிறது, நான்கு ஆறாகிறது. மூளை மிக விரைவாக இணக்கம் பெறும் காலம் அதுவே அன்றோ? அக்காலத்தில் தொடங்கும் பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் தரும் பயனை ஆறு வயதில் தொடங்கிப் பெறுவது கடினம்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசாத பிள்ளைகள் எல்லாரும் ஓட்டிசப் பிள்ளைகள் அல்லர். காது கேளாத பிள்ளை பேசுவதில்லை. அறிவு விருத்தி தாமதமான பிள்ளை பிந்திப் பேசும். வீட்டில் கலகலவென்று பேசிவிட்டுப் பாடசாலையில் வாயே திறக்காத பிள்ளையும் உண்டு. பதகளிப்பினால் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பேச்சு அடைபட்டுப்போகும் அந்நிலை தெரிவுப் பேசாமை எனப்படும். நேற்று வரை பேசிய பிள்ளை இன்று பேசாமற் போனால் அங்கே பயம், துயரம், அல்லது யாரோ பிள்ளைக்குச் செய்த தீங்கு காரணமாக இருக்கலாம். பேசாமை ஒன்று, காரணம் பல. அப்படியிருக்கப் பார்த்தவுடனே பெயர் சூட்டுவது எவ்வாறு பொருந்தும்? ஆகவேதான், பேச்சுப் பிந்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறெதற்கும் முன்னர் கேட்டல் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். பயங்கரத்தைக் கண்ட பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகளா?

மனவடு என்ற சொல் ஈழத்துத் தமிழில் இன்று வேரூன்றிவிட்டது. உயிருக்கே ஆபத்தான நிகழ்வுக்குப் பின்னர் அந்நிகழ்வு கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து வாழ்வைக் குலைத்தால் அது நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் எனப்படும். போர் உள்ளத்தில் விட்ட தழும்பை யாழ்ப்பாணத்திலிருந்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார்; தனியாளின் காயத்தோடு நில்லாமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்படுவதைக் கூட்டு மனவடு என்று அவர் விளக்கினார். மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பற்றி 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஆராயப்பட்டவர்களில் சரிபாதிக்கும் சற்று மேற்பட்டோர் தம் குடும்பத்தில் ஒருவரையேனும் வன்முறைக்கு இழந்திருந்ததையும், ஐந்தில் ஒருவரளவில் கடுமையான மனவடுக் குறிகள் இருந்ததையும் பதிவுசெய்தது.

ஐந்தில் ஒருவர் என்பது நெஞ்சைப் பிளக்கும் எண். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையில் ஒரு துளியும் குறையக்கூடாது. ஆனால் மற்றப் பிள்ளைகள்? அதே ஷெல்லடியைக் கேட்டவர்கள், அதே காட்டு வழியில் இரவோடிரவாக நடந்தவர்கள், அதே இழவு வீட்டில் இருந்தவர்கள், கலங்கினார்கள், அழுதார்கள், பின்னர் விளையாடினார்கள், படித்தார்கள். அவர்களைத் தாங்கியது எது என்று கேட்பதும் உளவியலின் கடமை.

பிள்ளை கலங்கும் விதமே வேறு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இறப்பு என்பது திரும்பி வராத நிலை என்று விளங்குவதில்லை, ஆகையால் "அப்பா எப்ப வருவார்?" என்று பத்து முறை கேட்கும், பதில் கேட்டுவிட்டு உடனே பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும். துயரம் இல்லை என்று பெரியவர்கள் நினைப்பார்கள். துயரம் இருக்கிறது, பிள்ளை அதைச் சிறுகச் சிறுகத்தான் விழுங்கும். கடற்கரை மணலில் வீடு கட்டி, "கடல் வருகுது, ஓடு" என்று கத்தி, காலால் உடைத்து, மறுபடியும் கட்டி மறுபடியும் உடைக்கும் விளையாட்டைப் பார்த்துத் தாய் நடுங்கி அடித்து நிறுத்தக்கூடும். அடிக்க வேண்டாம். கட்டுப்படுத்த இயலாமற் போன நிகழ்வைத் தன் கைக்குள் கொண்டுவரப் பிள்ளை செய்யும் முயற்சி அது. கனவும் படுக்கையில் சிறுநீர் கழித்தலும் தாயின் சேலைத் தலைப்பை விடாதிருத்தலும் சில வாரங்கள் இருந்து மெல்லக் குறைந்தால், வழமைக்கு மாறான நிகழ்வுக்கு வழமையான உள்ளம் தந்த மறுமொழி என்றே அதைக் கொள்ள வேண்டும்.

சுனாமிக்குப் பின்னர் இக்கரையோரத்துக்கு உதவி வெள்ளம் போல் வந்தது. உண்மையான அன்போடு வந்தவர் பலர். ஆயினும், மொழி தெரியாதவர்கள் ஒரே அமர்வில் பிள்ளையிடம் "என்ன நடந்தது, சொல்" என்று கேட்டுவிட்டுப் போய்விடும் முறை பயனற்றது மட்டுமன்றி, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பதை உலக சுகாதார நிறுவனம் அன்றே எடுத்துரைத்தது. சிதறிக் கிடந்த உதவியை ஒழுங்குபடுத்த மட்டக்களப்பிலேயே மங்ரோவ் என்ற உளசமூக வலையமைப்பு எழுந்தது. அதன் இணை நிறுவுநர்களில் ஒருவரான ஆனந்த கலப்பத்தி 2008ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். அதற்கும் முன்பே, 2000களின் தொடக்கத்தில், உளமருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பு வைத்தியசாலையைத் தளமாகக் கொண்டு, உளநல சேவையை ஊர்களுக்கே கொண்டுசெல்லும் பணியில் இறங்கியிருந்தார். உடனிருந்து ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களின் பெயர்களே முதலில் நினைக்கப்பட வேண்டியவை.

இவ்விடத்தில் மிகக் கசப்பான ஓர் உண்மையை இந்த அவை செவிமடுக்க வேண்டும். இலங்கையின் 427 இளம்பிராயத்தினரை ஆராய்ந்து காயத்ரி பெர்னாண்டோவும் அவருடைய சகாக்களும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுவது என்ன? போரும் சுனாமியும் மனவடுக் குறிகளில் தம் தடத்தை விட்டிருந்தபோதிலும், அவர்களின் உளநலத்தைக் குலைத்ததில் பெரும்பங்கு வறுமைக்கும் வீட்டுச் சண்டைக்கும் வீட்டில் விழும் அடிக்கும் உரியது என்பதே. வட கிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரைக் குறித்து 2008ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வும் அதே திசையைக் காட்டியது: போர் அனுபவமும் தந்தையின் குடியும் கூடக்கூட, வீட்டில் பிள்ளை படும் அடியும் கூடியது. போர் ஓய்ந்தது. கடல் தன் எல்லைக்குத் திரும்பியது. கசிப்பு ஓய்ந்ததா? பிரம்பு ஓய்ந்ததா? கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் நுண்கடன்காரரின் வருகை ஓய்ந்ததா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பத்து வயதுப் பிள்ளையை "நீ எங்கட மானத்தை வாங்கிட்டாய்" என்று சொல்லும் வாய் ஓய்ந்ததா?

ஆகவே பிள்ளையின் உளநலம் வைத்தியசாலையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. வீட்டுக் காணி உறுதியிலும் அது தீர்மானிக்கப்படுகிறது. வியப்பாக இருக்கிறதா? மட்டக்களப்புப் பண்பாட்டில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவது. அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவில், அல்லது வேலிக்கு அப்பால், குடியிருப்பது. தாய் வேலைக்குப் போனால் அம்மம்மா. அம்மம்மா படுத்தால் சின்னம்மா. பிள்ளைக்கு ஒருத்தி இல்லாவிட்டால் இன்னொருத்தி. சுனாமிக்குப் பின்னர் கட்டப்பட்ட மீள்குடியேற்ற வீடுகள் இவ்வொழுங்கைப் போதியளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றிசியா லோரன்சும் எடுத்துக்காட்டியுள்ளனர். உறவுக்காரர் ஒரு பக்கமும் புது வீடு ஒரு பக்கமுமாகப் பிரிந்தபோது பிள்ளையைச் சூழ்ந்திருந்த வேலியும் பிரிந்தது. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ பணிப்பெண்ணாகப் போன வீட்டில் அம்மம்மாவும் தொலைவில் இருந்தால், அப்பிள்ளை யாரிடம் போய் நிற்கும்?

இது வெறும் ஊர்ப்பாசத்தால் சொல்லப்படுவதன்று. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டில் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, குடி, குடும்பப் பிளவு ஆகியவற்றின் நடுவே பிறந்த பிள்ளைகளிலும் மூன்றிலொரு பங்கினர் நன்கு வளர்ந்து நல்வாழ்வு பெற்றனர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் தலையாயது, விட்டுப் போகாத ஒரு பெரியவர். பாட்டியாகவோ ஆசிரியராகவோ அயலாராகவோ அவர் இருந்தார்.

அவ்வாறான பெரியவர்கள் சேர்ந்து ஓர் இடத்தையே உருவாக்கிய வரலாறு மட்டக்களப்புக்கு உண்டு. 1996ஆம் ஆண்டில், போர் நடுவே, அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். ஊர்களிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். கிழமைக்கு ஒரு நாளாகப் பல மாதங்கள் தொடர்ந்து வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், மேளம் அடித்தார்கள், நாடகம் ஆடினார்கள், பூங்காவின் விலங்குகளுக்குத் தீனி வைத்தார்கள். உடனிருந்து வழிநடத்தியவர்கள் இவ்வூர் இளைஞர், யுவதிகள். போரைத் தாமும் கண்டவர்கள். கேள்வித்தாளோடு யாரும் காத்திருக்கவில்லை. களிமண்ணில் கை தோய்ந்திருக்கையில் பிள்ளைக்குப் பேச வேண்டும் போலிருந்தால் பேசும், வேண்டாமென்றால் யானை செய்யும். இரண்டுக்கும் அங்கே இடம் இருந்தது. ஒருவர் ஊருக்குள் ஒருவர் போக அஞ்சிய இரு சமூகத்துப் பிள்ளைகள் ஒரே கதைக்கு முடிவு தேடினார்கள் என்பது, எந்த மருந்துச் சீட்டிலும் எழுத இயலாத சிகிச்சை.

நல்லெண்ணம் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் சான்று உண்டு. வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2012ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையில், வகுப்பறையில் தரப்பட்ட உளநலப் பயிற்சி சில பிள்ளைகளின் நடத்தைச் சிக்கலைக் குறைத்தது. ஆயினும் பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகளிடம் மனவடுக் குறிகள், பயிற்சி பெறாத பெண்பிள்ளைகளிடம் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. எனவே அனுதாபத்தோடு அளந்து பார்க்கும் நேர்மையும் வேண்டும்.

கோயிலையும் பள்ளிவாசலையும் பற்றி ஒரு சொல். காணாமற் போனோரைப் பற்றி வாய் திறந்து கேட்கவும் அஞ்சிய தொண்ணூறுகளில், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் தாய்மார் போய் அழுதார்கள்; அழ இடமில்லாத காலத்தில் அக்கோயில்கள் அழ இடம் கொடுத்தன. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில் முப்பத்தோராம் நாள் கிரியை செய்யவும் இயலாது, மறக்கவும் இயலாது. அத்தகைய வீட்டில் வளரும் பிள்ளைக்கு அம்மன் சந்நிதி தந்த ஆறுதலை உளவியல் இகழ்வது தகாது. நூல் கட்டுவதைத் தடுக்க வேண்டியதில்லை. வலிப்பு வந்த பிள்ளையை, பேச்சு வராத பிள்ளையை, சாக வேண்டும் என்று சொன்ன பிள்ளையை நூலோடு நிறுத்திவிடுவதைத்தான் தடுக்க வேண்டும். கட்டாடியாரும் மௌலவியும் அருட்தந்தையும் "இதை வைத்தியசாலைக்கும் கொண்டுபோய்க் காட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஆயிரம் துண்டுப்பிரசுரம் செய்யாததை அது செய்யும்.

எப்போது காட்ட வேண்டும்? கலக்கம் ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால், கற்றுவிட்ட பேச்சையும் பழக்கத்தையும் பிள்ளை இழந்தால், உண்பதும் உறங்குவதும் பாடசாலை செல்வதும் கெட்டால், பதின்ம வயதினர் அறைக்குள் ஒடுங்கி நண்பரையும் தவிர்த்தால், தன்னைத்தானே காயப்படுத்தினால். உளநோய்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பதினான்கு வயதுக்குள் தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாவைப் பற்றிய பேச்சை மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. கிருமிநாசினிப் போத்தலைப் பூட்டி வைக்க வேண்டும். இந்நாட்டில் 1995ஆம் ஆண்டில் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம், கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின்னர் பெருமளவு வீழ்ந்தது. கைக்கெட்டாத நஞ்சு உயிர் காக்கும் என்பது இலங்கை உலகுக்குக் காட்டிய பாடம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பிள்ளைக்கு யாரேனும் தீங்கு செய்தால் 1929.

தாய்மாரே, தந்தையரே, வீட்டு அலுமாரியில் பிறப்புச் சான்றிதழோடு மடித்து வைத்திருக்கும் பிள்ளையின் கிளினிக் கொப்பியை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். நிறைக் கோட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் வாசியுங்கள். இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்க்காத பிள்ளை உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ இருந்தால், பாடசாலைக்குப் போனால் சரியாகும் என்று காத்திராமல், அடுத்த கிளினிக் நாளிலேயே மிட்வைபிடம் சொல்லுங்கள். கேட்டல் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள்.